கால்வளையம் போட்ட சிறவியோடு குமுளிக்கு

மாசி மாதக் கடைசி வாரம், ஒரு புதன்கிழமை காலை ஆறேகால் மணிக்கு எலப்புள்ளியில் பொள்ளாச்சி பஸ் ஏறினோம். நானும் என் வீட்டுக்காரரும், மூடி போட்ட மூங்கில் கூடையில் ஒரு சிறவியும். சிறவி என்றால் எங்கள் பக்கத்து ஏரிகளில் ஐப்பசிக்கு வந்து பங்குனியில் போய்விடும் சின்னக் காட்டு வாத்து. இது ஆண். கண்ணுக்கு மேலே பிறை போல வெள்ளைப் புருவம். வலது காலில் ஒரு வளையம், அதில் நாங்கள் யாரும் படிக்க முடியாத எழுத்து. பள்ளிக்கூட வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது ருஷ்யா எழுத்தா இருக்கணும்" என்றார்.

இந்த வாத்துக்காக நாங்கள் ஏன் மலைக்குப் போனோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் வழி தவறி வந்த மாட்டின் மேல் சூடு போட்ட அடையாளம் இருந்தால் அதைத் தொழுவத்தில் கட்டித் தீனி போடுவோம். உடையவர் தேடி வராவிட்டால் நாமே ஓட்டிப்போய், கயிற்றை அவர் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். வேலியில் கட்டிவிட்டுத் திரும்பக் கூடாது. அவிழ்த்து விடவும் கூடாது. பிறகு அதற்கு ஏதாவது ஆனால் பாவம் நம்மைச் சேரும். தை மாதம் ஏரியில் வலை போடுகிறவர்கள் ஒரு சாக்கு நிறைய வாத்துகளைப் பிடித்துச் சந்தைக்குக் கொண்டு போகும்போது, இந்த வளையம் என் வீட்டுக்காரர் கண்ணில் பட்டது. "அடையாளம் போட்ட சீவன். இது யாரோ ஒருத்தருது. கை வெக்காதீங்க" என்று சொல்லி வாங்கி வந்துவிட்டார். வலைக்காரர்கள் சிரித்தார்கள். "உடையவன் எந்தத் தேசத்துல இருக்கானோ கவுண்டரே, ஓட்டிக்கிட்டுப் போவீங்களா?" என்று ஒருவன் கேட்டான். "போறேன்" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஆனைக்கரையில் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் எங்கள் மருமகன், குமுளிப் பக்கம் பெரிய ஏரிக்கரையில் இரண்டு மூன்று தேசத்துக்காரர்கள் கூடாரம் போட்டு, பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டுகிறார்கள் என்று சொல்லி அனுப்பினார். அதில் ஒருவர் ருஷ்யாக்காரராம். உடையவர் பக்கத்திலேயே வந்து இறங்கியிருக்கிறார் என்று இவருக்கு ஒரே சந்தோஷம். ஊருக்கே சொல்லிவிட்டார்.

பொள்ளாச்சிக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர். தலைக்கு ஒன்றே முக்கால் ரூபாய். கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் மலையாளத்துக்காரர். கூடைக்குள் சலசலப்புக் கேட்டு நின்றார்.

"எந்தா அம்மே, கோழியோ தாராவோ?" தாரா என்றால் அவர்கள் பேச்சில் வாத்து.

எனக்குப் புது ஆளிடம் பேச்சு வராது. இவர்தான் சொன்னார். "ரெண்டுமில்லீங்க. விருந்தாளி."

"விருந்தாளிக்கு டிக்கெட் வேண்டே?"

"மடியில உக்கார்ற விருந்தாளிக்கு எங்கூர்ல டிக்கெட் இல்லீங்க."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் கூடையில் ஒரு விரலால் தட்டிவிட்டு நகர்ந்தார். கோபாலபுரத்தில் எல்லை தாண்டினோம். தென்னந்தோப்புகளுக்கு மேலே பனி இன்னும் கலையவில்லை. சிறவி தூங்கிவிட்டது போலிருந்தது. கூடையின் இடுக்கு வழியே விரல் நுனியால் தொட்டால் அதன் சூடு தெரிந்தது. அதற்குள்ளே இருக்கிற வழியெல்லாம் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். இமயமலைக்கு மேலே பறந்து வந்த ஒன்று, என் மடியில் பஸ்ஸில் போகிறது.

பழனியில் இட்லி தின்றோம், நான்கு இட்லி அறுபது பைசா. சிறவிக்கு ஊறவைத்த நெல் கொடுத்தேன். வத்தலக்குண்டு வழியாகத் தேனிக்குப் போகும்போது வெயில் ஏறிவிட்டது. ஈரத்துணியைக் கூடைமேல் போட்டுப் போட்டு எடுத்தேன். "எனக்கு ஒரு நாளாவது இப்படி ஈரத்துணி போட்டுருக்கியா புள்ள?" என்றார் இவர். "உங்களுக்கு எறகு இருக்குதுங்களா?" என்றேன். பின்சீட்டுக்காரர் கேட்டுவிட்டார் போலிருக்கிறது, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கம்பம் தாண்டி மலை ஏறும்போது பொழுது சாய்ந்திருந்தது. மலைச்சரிவில் மேலிருந்து கீழே பெரிய இரும்புக் குழாய்கள் இறங்குகின்றன. மேற்கே ஓட வேண்டிய தண்ணீரைக் கிழக்கே இறக்குகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. கீழே கம்பம் பள்ளத்தாக்கு புகைக்குள் போய்க் கடல் போலக் கிடந்தது. நான் கடல் பார்த்ததில்லை. ஆனாலும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. அப்போது சிறவி முதல்முறையாகக் குரல் கொடுத்தது. நகத்தால் சீப்பைச் சுண்டினால் வருமே, அந்த மாதிரி ஒரு கரகரப்பு. ஏரி வாசனை அடித்திருக்கும்.

குமுளியில் மருமகன் ஜீப்போடு நின்றார். ஆனைக்கரைக்குப் பத்து மைல். வழியெல்லாம் ஏலக்காய் மணம். மகள் சரசு வாசலுக்கு ஓடிவந்து, என்னைப் பார்க்காமல் கூடையைத்தான் திறந்தாள். "அம்மா, இதுக்கா இத்தனை தூரம்? நம்மூட்டு அடுப்புல ஏத்தியிருந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்" என்று அப்பாவைச் சீண்டினாள். இவர், "வாயைக் கழுவு அம்மிணி" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஏரிக்கரைக்குப் போனோம். அந்த ஏரியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் ஊர் ஏரிக்கு ஒரு கரை, ஒரு மதகு, ஒரு பனைவரிசை உண்டு. இதற்குக் கரையே கிடையாது. காடுதான் கரை. மலைகளுக்கு இடையே தண்ணீர் விரல் விரலாக நுழைந்து கிடக்கிறது. அணை கட்டும்போது மூழ்கிப்போன மரங்கள் இன்னும் கருப்பாக, இலையில்லாமல், தண்ணீருக்குள் நிற்கின்றன. பனி அவற்றைச் சுற்றிச் சுற்றிப் போனது. அந்த மரங்களுக்கு நடுவே, கண்ணுக்கு எட்டும் தூரத்தில், தண்ணீரில் ஒரு பெரிய கருப்புத் திட்டு மிதந்தது. உற்றுப் பார்த்தால் திட்டு அசைந்தது. அத்தனையும் சிறவிகள்.

படகோட்டி பேச்சிமுத்து தென்காசிப் பக்கத்து ஆள். தோட்டத்து வேலைக்கு வந்து படகுக்காரர் ஆனவர். "கிளம்புததுக்குக் கூடியிருக்கு ஆச்சி. காத்துத் திரும்பிட்டுல்லா. இன்னைக்கோ நாளைக்கோ ஒரு அந்தியில எந்திரிச்சுப் போயிரும்" என்றார்.

கூடையை ஒரு தரம் மார்போடு அணைத்துக்கொண்டேன். நல்ல நேரத்தில் வந்து சேர்ந்தோம் என்றும் தோன்றியது.

கூடாரத்தில் சாரதா என்ற பெண் இருந்தாள். மதராசில் பறவைப் படிப்புப் படித்தவள். கால்சட்டை போட்டிருந்தாள். அவள்தான் இரண்டு பக்கமும் பேச்சை மாற்றிச் சொன்னவள். ருஷ்யாக்காரர் உயரமில்லை. அகன்ற முகம், சின்னக் கண். நம் பக்கத்து ஆள் வெயில் படாமல் வெளுத்தது போல இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

என் வீட்டுக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கூடையை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினார். மாடு ஒப்படைக்கும்போது சொல்கிற மாதிரியே சொன்னார். "உங்க சீவன் எங்க எல்லைக்கு வந்துருச்சுங்க. எங்களால முடிஞ்ச தீனி போட்டு வெச்சிருந்தோமுங்க. பழுதில்லாம ஒப்படைக்கறேன். வாங்கிக்குங்க."

சாரதா மாற்றிச் சொல்ல ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். அப்புறம் முழுவதும் சொன்னாள். அவர் கூடையை வாங்கவில்லை. கைகூப்பினார். வெகுநேரம் ஏதோ சொன்னார்.

சாரதா சொன்னாள்: "ஐயா, இது அவரோடது இல்லையாம். இவங்க நாட்டுலே வடக்கே ஒரு ஏரியிலே வேற ஒருத்தர் இந்த வளையத்தை மாட்டியிருக்கார். வளையம் யார் போட்டதுன்னா சொல்லலாம். வாத்து யாருதுன்னு கேட்டா, யாருதும் இல்லை. அது எங்கே போகுது, எங்கே தங்குதுன்னு எல்லா நாட்டுக்காரங்களும் சேர்ந்து தெரிஞ்சுக்கத்தான் இந்த வளையம். வழியிலே ஒரு ஏரி வத்தினாலும், ஒரு ஊர்லே வலை போட்டாலும், மத்த ஊர்க்காரங்க காவல் காத்துப் பிரயோசனம் இல்லே பாருங்க."

"அப்ப உடையவரே இல்லீங்களா?" என்றார் இவர். கூடை நீட்டினபடியே இருந்தது.

"இல்லே."

"அப்ப யாரு கையில குடுக்கறது?"

அதற்கு அவள் பதில் சொல்வதற்குள் ருஷ்யாக்காரர் மூடியைத் திறந்து சிறவியைத் தூக்கினார். குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு வைத்துக்கொண்டு இடது சிறகை விரித்தார். நல்ல சிறகு. வலது சிறகை விரித்தார். முகம் மாறியது.

வலது சிறகில் பெரிய இறகுகள் ஆறு பாதியில் வெட்டப்பட்டிருந்தன. அது எங்கள் வீட்டு வேலைதான். உடையவர் வரும்வரை மாட்டைக் கட்டிப்போடுவது போல, வாத்து பறந்துவிடாமல் இவர் கத்தரியால் நறுக்கிவிட்டார். வீட்டுக் கோழி வாத்துக்கு எல்லோரும் செய்வதுதான். ஒப்படைக்கும் வரை தொலைந்துவிடக் கூடாதே என்ற பயம். அடுத்த இறகு தானாக முளைத்துவிடும் என்றுதான் நினைத்தோம்.

முளைக்கும், ஆனால் ஆடி மாதம் வாக்கில்தான் என்று சாரதா சொன்னாள். ஒவ்வொரு வருஷமும் பழைய இறகு விழுந்த பிறகுதான் புதிது வரும். இந்தக் கூட்டம் நாளைக்கோ மறுநாளோ போய்விடும். இது மட்டும் இங்கே தண்ணீரில் தனியாகக் கிடக்கும். நீர்நாயோ பருந்தோ அதற்குமேல் விட்டுவைக்காது.

என் வீட்டுக்காரர் கூடையைக் கீழே வைத்தார். பிறகு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துகொண்டார். நாற்பத்தாறு வருஷத்தில் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. "பழுதில்லாமன்னு சொன்னனே" என்றார். அதையே இரண்டு தரம் சொன்னார்.

ருஷ்யாக்காரர் அவர் பக்கத்தில் வந்து குந்தினார். சாரதாவிடம் மெதுவாகப் பேசினார். அவருடைய அப்பா புல்வெளி நாட்டில் வேட்டைக்குப் பருந்து வளர்த்தவராம். பருந்துக்கு இறகு முறிந்தால் வேறு இறகை ஒட்டுப்போடுவார்களாம். சின்ன வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இத்தனை சின்னப் பறவைக்கு அவர் செய்ததில்லை. செய்து பார்க்கலாம், நிச்சயம் என்று சொல்ல முடியாது என்றார்.

"இறகுக்கு எங்க போறதுங்க?" என்றேன். அன்று நான் பேசிய முதல் பேச்சு அது.

அவர் கூடாரத்துக்குள் போய்ப் பழுப்புக் காகித உறைகள் கொண்டுவந்தார். அவர் நாட்டு ஏரியில், கோடையில் இந்தச் சிறவிகள் எல்லா இறகையும் ஒரே சமயத்தில் உதிர்த்துவிடுமாம். ஒரு மாதம் பறக்க முடியாமல் நாணலுக்குள் ஒளிந்துகொண்டிருக்குமாம். அப்போது கரையில் பொறுக்கியவை. இங்கே பிடிக்கிற பறவைகளின் இறகோடு ஒப்பிட்டுப் பார்க்க எடுத்து வந்திருந்தார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, நீளம் பார்த்து, ஆறைத் தேர்ந்தெடுத்தார். அந்த இறகுகளைப் பார்த்தேன். பனி உருகின தண்ணீரில் விழுந்து, காய்ந்து, உறைக்குள் உறங்கி, ரயிலும் கப்பலுமாக எத்தனையோ தேசம் தாண்டி வந்து இந்தக் காட்டில் கண் விழித்தவை.

சிறவியை என் மடியில் வைத்துப் பிடிக்கச் சொன்னார்கள். வேறு யார் பிடித்தாலும் அது உதறிற்று. தலையில் ஒரு துணி மூடினேன். பேச்சிமுத்து மூங்கில் சீவிக் கொடுக்க, ருஷ்யாக்காரர் அதை ஊசி போல் தேய்த்தார். வெட்டின இறகின் அடித்தண்டு உள்ளே வெறும் குழாய். மூங்கில் ஊசியில் பசை தடவி ஒரு முனையை அதற்குள்ளும், மறுமுனையைப் புது இறகின் தண்டுக்குள்ளும் செருகினார். மூச்சை நிறுத்திக்கொண்டுதான் செய்தார். ஒவ்வொரு இறகும் கோணாமல், பக்கத்து இறகோடு படிய வேண்டும். இவர் எதிரே உட்கார்ந்து, கேட்கும்போதெல்லாம் ஊசி எடுத்துக் கொடுத்தார்.

நான்காவது இறகு முடிந்தபோது ருஷ்யாக்காரர் தலை நிமிராமல் என்னிடம் ஏதோ கேட்டார்.

"உங்க ஏரியிலே அது எங்கே உக்காரும், என்ன தின்னும், யார் பக்கத்திலே தூங்கும்னு கேக்கறார்" என்றாள் சாரதா. "அதோட பாதி வாழ்க்கைதான் அவருக்குத் தெரியுமாம். மீதிப் பாதி உங்களுக்குத்தான் தெரியும்கறார்."

என்னிடம் யாரும் ஏரியைப் பற்றிக் கேட்டதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மடியில் இருந்ததைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பகலெல்லாம் நடு ஏரியில் தாமரை இலைகளுக்கு இடையே தூங்கும், எருமை இறங்கினால்கூட எழாது. பொழுது சாய்ந்தால் அறுத்த வயலுக்கு வந்து சிந்தின நெல்லைப் பொறுக்கும். நாரை வந்தால் ஒதுங்கும், நீர்க்கோழியோடு சண்டை போடாது. விடியற்காலை வாசலில் சாணம் தெளிக்கும்போது தலைக்கு மேலே சிறகு ஓசை கேட்கும், துணியைக் கிழிக்கிற மாதிரி. அதைக் கேட்டால்தான் எனக்கு மார்கழி வந்த மாதிரி இருக்கும்.

அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு மறுபாதியைச் சொன்னார். ஏரி மேல் பனிக்கட்டி உடைகிற சத்தம். பெண் சிறவி தன் மார்பு மயிரைப் பிய்த்துக் கூட்டில் விரிப்பது. சூரியன் போக மனமில்லாமல் நெடுநேரம் அடிவானத்திலேயே நிற்கிற சாயங்காலங்கள். கேட்கக் கேட்கத் தூக்கம் போல ஒன்று என்னைச் சுற்றியது. எங்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஏரி இருக்கிறது, நடுவில் இருப்பதெல்லாம் வரப்புதான் என்று தோன்றியது.

பசை காய ஒரு ராத்திரி ஆகும் என்றார்கள். சாரதாவின் கூடாரத்தில் படுத்தேன். கூடை என் தலைமாட்டில். அன்று சாயங்காலம் கூட்டம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ருஷ்யாக்காரர் சிறகை விரித்து, ஒவ்வொரு இறகையும் மெல்ல இழுத்துப் பார்த்தார். ஆறும் நின்றன. பேச்சிமுத்துவின் படகில் மரங்களுக்கு நடுவே போனோம். இவர்தான் விட வேண்டும் என்று ருஷ்யாக்காரர் சொல்லிவிட்டார். இவர் குனிந்து, இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டு, கையைப் பிரித்தார். சிறவி ஒரு கணம் அப்படியே மிதந்தது. தண்ணீரைக் குடித்தது. பிறகு நீந்திப் போய்க் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டது. பறக்கவே இல்லை.

பகல் முழுக்கக் கரையில் உட்கார்ந்திருந்தோம். ருஷ்யாக்காரர் தொலைநோக்கி கொடுத்தார். எனக்கு எல்லாச் சிறவியும் ஒன்றாகவே தெரிந்தது. வளையம் தண்ணீருக்குள் இருக்கிறதே. "பறந்துருமா?" என்று இவர் பேச்சிமுத்துவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். "ஏ கவுண்டரே, நான் படகுக்காரன், ஜோசியக்காரனா?" என்றார் அவர். கொஞ்சம் கழித்து அவரே டீ கொண்டுவந்து கொடுத்தார்.

சாயங்காலம் தண்ணீர் செம்பு நிறமாயிற்று. சிறவிகளின் கரகரப்பு கூடிக்கொண்டே போனது, ஊர்க்கூட்டம் போல. திடீரென்று அத்தனையும் அடங்கின. மறுகணம் ஏரியின் தோலே உரிந்து மேலே எழுந்த மாதிரி கூட்டம் கிளம்பிற்று. அந்தத் துணி கிழிகிற சத்தம், ஆனால் ஆயிரம் துணி. மரங்களுக்கு மேலே ஒரு வட்டம். இன்னொரு வட்டம். பிறகு நீண்டு, கோடாகி, வடக்கே மலை முகட்டைத் தாண்டிற்று.

நாங்கள் வானத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சிமுத்து படகை எடுத்து, ஒவ்வொரு மரத்தையும் சுற்றி, நாணல் ஓரமெல்லாம் பார்த்துவிட்டு இருட்டும் நேரத்துக்கு வந்தார்.

"ஒண்ணுகூட இல்ல ஆச்சி. எல்லாம் போயிட்டு."

என் வீட்டுக்காரர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். ருஷ்யாக்காரர் அவர் கையைப் பிடித்து வெகுநேரம் விடவில்லை.

சனிக்கிழமை காலை குமுளியில் பஸ் ஏறினோம். மடி வெறுமனே இருந்தது. தேனிக்குப் பக்கத்தில் வரும்போது இவர் ஆரம்பித்தார்.

"யாரு கையில குடுத்தீங்கன்னு ஊர்ல கேப்பாங்களே புள்ள."

"கூட்டத்துல விட்டோமுன்னு சொல்லுங்க."

"ஐப்பசியில திரும்பி வருமா?"

"வருமுங்க."

"வந்தா எது நம்மதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? அத்தனையும் ஒண்ணாத்தானே இருக்குது."

"கண்டுபிடிக்க முடியாதுங்க. அத்தனையும் அதுதான்னு வெச்சுக்க வேண்டியதுதான்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அப்ப வலைக்காரங்ககிட்ட ஒண்ணுக்கு மட்டும் சொன்னாப் பத்தாது" என்றார். "எல்லாத்துக்கும் சொல்லணும். எனக்குக் கோவம் வந்துரும், அவங்க சிரிப்பாங்க. அந்த ஏரியில பனி உடையறதெல்லாம் நீதான் நல்லாக் கேட்டுக்கிட்டு இருந்தே. நீ வந்து சொல்றியா?"

அந்நிய ஆண்கள் பத்துப் பேர் நிற்கும் ஏரிக்கரையில் போய் நின்று நான் பேசுவதை நினைத்துப் பார்த்தேன். சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"சொல்றேனுங்க" என்றேன்.